வெற்றுத்தாளிற் போகும் வயல்கள்

இந்நாட்டின் பெயர் யாதென்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் தயங்காமற் சொல்லும்: இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு. இப்பெயரைச் சூட்டியவர் யார்? 1977 நவம்பரில் இறக்குமதிக் கதவைத் திறந்து, நாணய மாற்றுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, இனிச் சந்தையே வழிகாட்டும் எனப் பறைசாற்றிய ஜெயவர்த்தனா அரசாங்கத்தார்தாம். சோசலிசத்தைக் கைகழுவிய பத்தாவது மாதத்தில், 1978 செப்டம்பரில், அதன் பெயரை அரசியலமைப்பின் நெற்றியில் எழுதினர். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து பெயர்சூட்டு விழா நடத்திய கதை இது.

பெயர் ஒன்றும் பிழைப்பு வேறொன்றுமாக ஒரு நாடு வாழுமாயின், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருளில் மூன்றாவதாக ஒரு பொருளாதாரம் வளரும். அதற்குப் பேரேடு கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது, வழக்குமன்றம் கிடையாது. அறிஞர் அதனை முறைசாராப் பொருளாதாரம் என்பர். சோசலிசத்தினின்று முதலாளித்துவத்துக்கு நகர்ந்த நாடுகளின் நோய் அஃது என்று கூறி, மொஸ்கோ நகரத் தெருவோரச் சந்தைகளை எடுத்துக்காட்டுவர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலையிலிருந்து ஹபரணை வீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றாற் கந்தளாய் வரும். அங்கே அறுவடை முடிந்த ஒரு மாலைப் பொழுதில் வயல்வரம்பில் நின்று பார்த்தாற் போதும்.

சட்டம் தடுத்ததை வாழ்க்கை நிறுத்தவில்லை, மறைவிடத்துக்குத் தள்ளியது. மறைவிடத்தில் வலியவன் வைத்ததே சட்டம். ஆதலின், தடுப்போம் என்று கண்ணை மூடிக்கொள்வதும், திறந்துவிடுவோம் என்று கையை விரிப்பதும் ஏழைக் கமக்காரனை ஒரே குழியிற் தள்ளும் இரு வழிகளே. மறைவில் நடப்பதை எழுத்தில் ஏற்றி, நலிந்தவன் பக்கம் சட்டத்தை நிறுத்துவதே செய்யத்தக்கது. இதனை ஒரு வழக்கைக் கொண்டு விளக்குவேன்.

ஒரு பெண்மணியின் வினா

2025 சிறுபோக அறுவடை முடிந்தபின் கந்தளாயிலிருந்து ஒரு பெண்மணி எம்மை நாடி வந்தார். அவர் எவ்வினத்தவர் என்று வாசகர் வினவ வேண்டாம். சிங்களவரும் முஸ்லிங்களும் தமிழரும் ஒரே குளத்து நீரை நம்பி விதைக்கும் ஊர் அது. இக்கதை மூவர் இல்லங்களிலும் உண்டு.

அவருடைய கணவர் பெயரில் மூன்று ஏக்கர் வயல், அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. 2021-இற் கணவர் சிறுநீரக நோயிற் படுத்தார். வங்கியிற் கடன் கேட்டனர். அனுமதிப்பத்திரத்தை ஈடாக ஏற்கமாட்டோம் என்றது வங்கி. ஊரிலுள்ள ஒருவர் மூன்று இலட்சம் ரூபா கொடுத்தார். உறவுமுறை சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர். நிபந்தனை எளிது: வட்டி இல்லை, முதலைத் திருப்பித் தரும் வரை வயலை அவர் விதைப்பார். ஒரு வெற்றுத்தாளில் முத்திரை ஒட்டிக் கணவர் கையொப்பமிட்டார். அனுமதிப்பத்திரம் கடன் கொடுத்தவரின் பெட்டகத்துக்குப் போயிற்று. கணவர் அடுத்த ஆண்டு காலமானார். இப்பொழுது முதலைத் திரட்டிக்கொண்டு காணியைக் கேட்கப் போனால், தாளில் ஆறு இலட்சம் என்று எழுதப்பட்டிருக்கிறது!

வட்டியில்லாக் கடன் என்றனரே, அதன் கணக்கைப் பாருங்கள். அவ்வயலை ஒரு போகத்துக்கு ஏக்கர் 25,000 ரூபா குத்தகைக்கு எவரும் எடுப்பர் என்று அயலார் கூறினர். மூன்று ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 75,000; ஆண்டுக்கு இரு போகம், ஒன்றரை இலட்சம். மூன்று இலட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சம் என்றால் நூற்றுக்கு 50 வட்டி. 2021 பெரும்போகம் தொடங்கி 2025 சிறுபோகம் முடிய எட்டுப் போகங்கள். ஆறு இலட்சம் ரூபா பெறுமதியான குத்தகையை வயல் முன்னரே செலுத்திவிட்டது. முதலை மிஞ்சிய வட்டியை அறவிட இயலாது என்பது இந்நாட்டின் உரோமன்-டச்சுச் சட்ட மரபில் ஊறிய விதி. அவ்விதிப்படி நோக்கினால் இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே வட்டி முதலைத் தொட்டுவிட்டது. ஆயினும் தாளில் ஆறு இலட்சம் நிற்கிறது.

“ஐயா, வழக்கு வைத்தாற் காணி திரும்புமா?” என்று கேட்டார்.

வழக்கறிந்தோர் இவ்விடத்திற் தலைகுனிய வேண்டும். அவ்வொப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. அதனை நீதிமன்றத்திற் சொல்வது எளிது. ஆனால் அதைச் சொல்லும்போதே, அரசாங்கத்தின் இசைவின்றிக் காணியைப் பிறர் கையிற் கொடுத்தோம் என்பதையும் அவர் தம் வாயால் ஒப்புக்கொள்கிறார். அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறியவரின் பத்திரத்தை இரத்துச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. கடன்காரரிடமிருந்து மீண்ட காணி அரசாங்கத்திடம் போய்விடக்கூடும்! திருடனைக் காட்டிக்கொடுக்க வந்தவரையே முதலிற் சிறையில் அடைப்போம் என்று வாசலில் எழுதிவைத்த காவல் நிலையத்துக்கு யார் போவர்?

கடன் கொடுத்தவர் மீதும் முழுப் பழியைச் சுமத்த நான் எழுதவில்லை. வங்கி கதவடைத்த நாளில் வைத்தியச் செலவுக்குப் பணம் வைத்தவர் அவர் ஒருவரே. அவர் கையிலும் சட்டம் இல்லை. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று எதிர்த்தரப்பு மறுத்தால் அவராலும் மன்றேற முடியாது. வெள்ளத்தாற் பயிர் அழிந்தால் நட்டஈடு பதிவேட்டிற் பெயருள்ளவருக்கே போகும், விதைத்தவருக்கு எட்டாது. தாளில் இரட்டிப்பாக எழுதும் துணிவு அந்த அச்சத்திலும் பிறக்கிறது. இருபுறத்தையும் கெடுப்பது எழுத்தில்லாத நிலையே.

காக்கப் பிறந்த சட்டம்

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தீய எண்ணத்திற் பிறந்ததன்று. 1927-இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் சிந்தனை அதற்கு வித்து. காணியற்ற கமக்காரனுக்கு முடிக்குரிய நிலத்தைக் கொடுத்தால் அடுத்த வறட்சியிலேயே வட்டிக்காரன் அதனை விழுங்கிவிடுவான் என்று அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே அரசாங்க இசைவின்றி விற்கலாகாது, ஈடு வைக்கலாகாது, குத்தகைக்கு விடலாகாது என்று வேலி கட்டினர். கடனுக்காக நீதிமன்றம் அந்நிலத்தைக் கைப்பற்றி ஏலமிடவும் கூடாதென்றனர். நிலம் துண்டுபடாதிருக்க ஒருவரே பின்னுரித்தாளர் என்றனர்.

வேலி கட்டியவர்கள் வேலிக்குள் இருப்பவன் எதைக் கொண்டு விதைப்பான் என்பதை எண்ணவில்லை. விதைநெல், உழவு, உரம், எண்ணெய், அறுவடை இயந்திரக் கூலி யாவும் ரொக்கம். ரொக்கத்துக்கு வங்கி வேண்டும். வங்கிக்கு ஈடு வேண்டும். ஈடு வைக்கச் சட்டம் விடாது. ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கே காணி. ஏனைய நால்வரும் என் செய்வர்? அண்ணன் பெயரிலுள்ள வயலைத் தம்பியர் வாய்ப்பேச்சிற் பிரித்து விதைப்பர். அண்ணன் மனம் மாறினால், அன்றி அண்ணி மனம் மாறினால், தம்பிக்கு நிலமில்லை. வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை நிறுத்திய அநீதி 2022 திருத்தத்திற்றான் நீங்கிற்று. நீங்கி என்ன? உரிமை மகளுக்கு வந்தபோது பத்திரம் பிறர் பெட்டகத்தில் இருக்கிறது.

இதற்கும் மூத்த சட்டம் ஒன்றுண்டு. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிடிற் செல்லுபடியாகாது. ஒரு போகமோ நான்கு மாதம். அனுமதிப்பத்திரக் காணியின் குத்தகையை நொத்தாரிசு எழுதவும் இயலாது. எழுதாவிடிற் செல்லாது, எழுதவோ முடியாது. வெற்றுத்தாள் இவ்விரண்டு சட்டங்களுக்கும் பிறந்த பிள்ளை.

1958-இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. வாரக்குடிக்கு நிலைத்த உரிமை. நிலச்சொந்தக்காரருக்கு விளைவில் நாலிலொரு பங்குக்கு மேல் இல்லை. உயர்ந்த நோக்கம்! ஆனால் அதனை நிறைவேற்றும் கை வலுவற்றிருந்தது. நிலச்சொந்தக்காரர் பல இடங்களில் வாரக்குடிகளை வெளியேற்றினர். எஞ்சியோரைக் கூலியாட்கள் என்று பெயர் மாற்றினர். பழைய வாரமே பாதிக்குப் பாதியாகத் தொடர்ந்தது. சட்டத்தின் கண்ணில் மட்டும் அது மறைந்தது.

கூப்பன் காலமும் திறந்த காலமும்

மறைவுச் சந்தையைத் திறந்த பொருளாதாரமே கொண்டுவந்தது என்று இடதுசாரி நண்பர்கள் மேடைதோறும் பேசுகின்றனர். நினைவை வைத்துப் பேச வேண்டும். 1971-இல் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. நெல்லை அதற்கே விற்க வேண்டும் என்றாயிற்று. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லத் தடை. வீதிகளிற் குறுக்குத்தடி போட்டுப் பேருந்தை நிறுத்திப் பைகளைச் சோதித்தனர். உறவினர் வீட்டுக்கு நாலு கொத்து அரிசி கொண்டுபோன மூதாட்டியும் கடத்தற்காரியானாள். சங்கக்கடை வாசலில் நெடுவரிசை, பின்கதவில் மூட்டை. கள்ளச் சந்தை அன்றும் இருந்தது. அதன் பிரபுக்கள் வேறு. அனுமதிச் சீட்டில் ஒப்பமிடும் கையை அறிந்தவர்களே அன்று ஆண்டனர்.

அக்காலத்தை முற்றாக இகழவும் நான் உடன்படேன். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாத அந்நாட்களில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். 1977-க்குப் பின் வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தபோது சரிந்தனர். 1979-இற் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. நெற் சந்தைப்படுத்தும் சபை 1990-களில் முடங்கிப் பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. அரசாங்கம் விலகிய இடத்திற் சந்தை வந்து நிற்கும் என்றனர். சந்தை வந்தது; வங்கி வரவில்லை, களஞ்சியம் வரவில்லை, நீதிமன்றம் வரவில்லை. வந்தது லொறி ஒன்றே.

கந்தளாயில் இதற்குச் சான்றாக ஒரு சின்னம் நிற்கிறது. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் 1960-களில் இயங்கத் தொடங்கிய சீனித் தொழிற்சாலை அது. சோசலிச முகாமின் இயந்திரம். அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் சம்பளப் பட்டியல். ஆயிரக்கணக்கான ஏக்கர் கரும்பு. 1990-களின் முற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. இயந்திரம் தந்த நாடும் 1989-இற் சோசலிசத்தைத் துறந்து, 1993 ஜனவரி முதலாம் நாள் இரண்டாகப் பிரிந்துபோயிற்று. அங்கே பொதுச்சொத்தைக் குடிமக்களுக்குப் பங்குச் சீட்டாகவேனும் பகிர்ந்தனர். குறைகள் மலிந்த பங்கீடுதான் அது. இங்கே ஆலை துருப்பிடித்தது. அதனை மீட்பதாக அரசாங்கங்கள் மாறிமாறி வாக்களித்தன. கரும்பு வெட்டியவரும் ஆலையில் உழைத்தவரும் சம்பளப் பட்டியலிலிருந்து வாய்க்கணக்குக்கு விழுந்தனர். பிறர் வயலை ஒரு போகத்துக்கு வாய்ச்சொல்லில் எடுத்து விதைக்கும் வரிசையில் ஆட்கள் பெருகினர்.

இன்றைய நிலை யாது? 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று விலை அறிவித்தது. அவ்விலை உலர்ந்த நெல்லுக்கு. ஈரப்பதன் நூற்றுக்கு 14-ஐ மிஞ்சலாகாது. இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லோ பச்சை நெல். உலர்த்தக் களமில்லை, வைக்கக் களஞ்சியமில்லை, வரம்பிலே கடன்காரர் நிற்கிறார். அன்றிரவே நெல் லொறியில் ஏற வேண்டும். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, பதருக்குக் கழிவு. விலைப்பட்டியல் கச்சேரிச் சுவரில் தொங்குகிறது. வியாபாரம் வரம்பில் நடக்கிறது.

2021-இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடுத்த ஆணையையும் மறக்கலாகாது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஆணையை மீளப் பெற்றனர். ஆனால் முன்னொரு காலம் 350 ரூபா மானிய விலைக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டைக்கு மறைவிடத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கேட்டனர். தடைச் சட்டம் ஒரு கையெழுத்தில் வந்தது. ஒரு கையெழுத்திற் போயிற்று. அதனாற் பட்ட கடன் மட்டும் போகவில்லை.

மூன்று நாடுகளின் பாடம்

1978-இன் பிற்பகுதி. சீனத்தின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்னும் சிற்றூர். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்து விதைப்பதென்று பதினெட்டுக் குடும்பத்தார் இரவிற் கூடி, இரகசியத் தாளிற் கைரேகை வைத்தனர். எவரேனும் சிறை சென்றால் அவர் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றையோர் வளர்ப்பதென்றும் உறுதி பூண்டனர். அடுத்த ஆண்டு விளைச்சல் பெருகியது. பெய்ஜிங் அவர்களைத் தண்டிக்கவில்லை. அவர்கள் செய்ததையே நாட்டின் கொள்கையாக்கிற்று. அந்தத் தாள் இன்று அருங்காட்சியகப் பொருள்.

வியட்நாமிலும் அவ்வாறே. வின் பூக் மாகாணத்தில் 1960-களில் நிலத்தைக் குடும்பங்களிடம் ஒப்படைத்த கட்சிச் செயலாளர் கண்டிக்கப்பட்டார். கமக்காரர் அதனை மறைவில் தொடர்ந்தனர். 1981-இல் ஓர் ஆணையால் அரசாங்கம் அவ்வழக்கத்தை ஏற்றது; 1988-இல் முழுமையாக்கிற்று. அரிசிக்குக் கையேந்திய நாடு 1989-இல் அரிசி ஏற்றுமதி நாடாயிற்று. இவ்விரு நாடுகளும் சனநாயகத்துக்கு இலக்கணமல்ல. ஆயினும் கமக்காரனின் மறைவுத் தாளை எடுத்துப் படிக்கும் அறிவு அவற்றுக்கு இருந்தது.

உருசியா வேறு வழி சென்றது. 1992-இல் விலைகளை ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டனர். குடிமகன் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகப்பெறுமதியுள்ள சொத்துச் சீட்டு வழங்கினர். கூட்டுப்பண்ணையாளருக்கு நிலப் பங்குகளும் கிடைத்தன. பசித்தவன் கையிற் பத்திரம் எத்தனை நாள் தங்கும்? சீட்டுகள் சொற்ப விலைக்குச் சந்தை மூலைகளில் விலைபோயின; நிலப் பங்குகள் காலப்போக்கிற் பெருங் கம்பனிகளிடம் திரண்டன. உரிமைப்பத்திரம் கொடுப்பது வேறு, உரிமையைக் காப்பது வேறு என்பதற்கு இதனிலும் பெரிய சாட்சி வேண்டாம்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

முதல் மறுப்பு: சட்டத்தை இறுக்கமாக நிறைவேற்றினால் மறைவுக் குத்தகை ஒழியாதோ? தொண்ணூறு ஆண்டுகளாக ஒழியாதது இனி எங்ஙனம் ஒழியும்? இறுக்க இறுக்க ஈட்டுத்தொகை குறையும், வட்டி ஏறும், பத்திரம் இரத்தாகும் குடும்பங்கள் பெருகும். தண்டனை எப்பொழுதும் பெயருள்ளவனையே தொடும். பெட்டகக்காரருக்குப் பெயர் இல்லை.

இரண்டாம் மறுப்பு: எல்லோருக்கும் முழு உறுதி கொடுத்துவிட்டால் வங்கி வாசல் திறவாதோ? 2024 பெப்ரவரியில் ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம் தொடங்கிய ‘உறுமய’ திட்டத்தின் வாதம் இது. முழு உறுதி கமக்காரனின் நியாயமான உரிமை. அதனை நான் எதிர்க்கவில்லை. என் வினா ஒன்றே: முன்னரே பெட்டகத்துக்குப் போன காணிகளின் உறுதி யார் கைக்குப் போகும்? இன்று விற்கமுடியாது என்ற ஒரே காரணத்தாற் பெயரளவிலேனும் தங்கியிருக்கும் நிலம், உறுதி வந்த மறுநாள் அந்த வெற்றுத்தாளின் கணக்கிற் கைமாறும். முதலிற் கடனைத் தீர்த்து, பின் உறுதியைக் கொடுப்பதே முறை. வரிசை மாறினால் உருசியாவின் கதை கந்தளாயில் நடக்கும்.

மூன்றாம் மறுப்பு: ஊருக்குள் நம்பிக்கையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலிற் சட்டம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? நம்பிக்கை இருவரும் ஒத்த வலியுடையராயின் அழகியது. ஒருவர் எழுதவும் மற்றவர் ஒப்பமிடவும் மட்டுமே உரியராயின் அதற்கு நம்பிக்கை என்று பெயரில்லை.

நம்மையும் நாம் கேட்போம்

காணி என்ற சொல் தமிழர் அரசியலின் உயிர்நாடி. 1957 ஜூலையில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்பாடு குடியேற்றக் காணிக்கு ஆட்களைத் தேரும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்கு அளிக்க இசைந்தது, கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி - செல்வநாயகம் உடன்பாடு, நான் மேலே கூறிய அதே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தவும், வடக்கு கிழக்கில் மாவட்டத்துக் காணியற்றோருக்கு முதலிடம் தரவும் வாக்களித்தது; நிறைவேறவில்லை. 1987-இன் பதின்மூன்றாம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. குடியேற்றத் திட்டங்கள் திருகோணமலை மாவட்டத்தின் குடித்தொகையையே மாற்றின என்ற நம் முறைப்பாடு நியாயமானது; அதில் ஓர் எழுத்தையும் நான் கைவிடேன்.

ஆனால் ஒன்று கேட்பேன். காணி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுபது ஆண்டு கேட்ட நாம், கொடுத்த காணி இப்பொழுது யார் பெட்டகத்தில் இருக்கிறது என்று ஒரு மேடையிலாவது கேட்டோமா? நமது ஊர்களிலும் பெட்டகக்காரர் உளர். அவர்களிற் சிலர் நமது மேடைகளுக்கு மாலை கொண்டுவருபவர். படித்தோரும் உத்தியோகத்தரும் ஓய்வூதியப் பணத்தில் ஈட்டு வயல் எடுக்கும் வழக்கமும் புதிதன்று. இப்பத்திரிகையைப் படிக்கும் கனவான்களே, உங்கள் அலுமாரியில் பிறர் அனுமதிப்பத்திரம் ஏதும் உளதோ என்று பாருங்கள். கொழும்பைக் கேட்கும் வினாவின் வலு, நம்மைக் கேட்கும் வினாவின் நேர்மையிற் பிறக்கும்.

வேண்டுவன ஐந்து

முதலாவது: போகக் குத்தகையைச் சட்டம் ஏற்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் ஒரு பக்கப் படிவம், தமிழிலும் சிங்களத்திலும். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் இருவர் முன் எழுதி, இரு சாட்சிகளுடன் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி. நான்கு போகத்துக்கு மேற் குத்தகை கூடாது. படிவத்தில் ஏறாத தாளுக்கு எந்த மன்றிலும் மதிப்பில்லை.

இரண்டாவது: பொதுமன்னிப்பு. ஓராண்டுக்குள் தாமாக வந்து பதிவோரின் அனுமதிப்பத்திரத்தைப் பழைய மீறலுக்காக இரத்துச் செய்யலாகாது. இது இல்லாமல் ஒருவரும் வாய்திறவார்.

மூன்றாவது: ஈட்டுக் கணக்கு. கடன் கொடுத்தவர் வயலிற் கண்ட பலனை வட்டியாகவும் முதலாகவும் கணக்கிட வேண்டும். வட்டி முதலைத் தொட்டபின் விளையும் ஒவ்வொரு போகமும் முதலைக் குறைக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் ஊர் அறிந்தவை. இக்கணக்கை அவற்றிடம் ஒப்படைக்கலாம்.

நான்காவது: உலர்த்துகளமும் களஞ்சியமும், அங்கே வைத்த நெல்லுக்கு வங்கி ஏற்கும் சீட்டும். நெல்லை ஒரு மாதம் வைத்திருக்க முடிந்தவன் வரம்பிலே மண்டியிடான். அவனுக்கு வெற்றுத்தாளும் வேண்டாம்.

ஐந்தாவது: முழு உறுதி கொடுக்கும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும். பழைய ஈட்டுக் கணக்கு தீர்ந்தது என்ற சான்றின்றி எந்த உறுதியும் எழுதலாகாது.

2024-இல் ஆட்சிக்கு வந்தோர் மார்க்சியப் பாசறையிற் பிறந்த கட்சியினர். சர்வதேச நாணய நிதியத்துடன் 2023-இற் செய்த உடன்பாட்டையே தொடர்ந்து நடத்துகின்றனர். பெயர் ஒன்று, பிழைப்பு ஒன்று என்ற பழைய கதையை அவர்களேனும் முடித்துவைப்பரா? மேற்கூறிய ஐந்துக்கும் வெளிநாட்டுக் கடன் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு திருத்தச் சட்டமும் ஒரு படிவமும் மன உறுதியும் போதும்.

கந்தளாய்க்கு எழுத்து புதிதன்று. முதலாம் விசயபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அவ்வூரையடுத்த பளமோட்டையிற் கிடைத்தது. கணவனை இழந்த பிராமணப் பெண்ணொருத்தி, கணவன் பொருட்டுக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையை அது பதிந்து, வேளைக்காரப் படையினரின் காவலில் வைக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மண்ணில் ஒரு கைம்பெண்ணின் சொல்லுக்குக் கல்லெழுத்தும் காவலும் இருந்தன.

எம்மை நாடி வந்த பெண்மணிக்கு இரண்டும் இல்லை. வழக்கு வைக்க வேண்டாம் என்றே சொல்லி அனுப்பினேன். அவ்வறிவுரை சட்டப்படி சரியானது, அறத்தின்படி வெட்கக்கேடானது. அடுத்த பெரும்போகத்திலும் அவ்வயலை வேறொருவரே விதைப்பார். அதற்கடுத்த போகத்திலேனும் சரியான அறிவுரையை வேறாக்குவது நாடாளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போரின் கடன். அக்கடனை நாம் வட்டியோடு கேட்போம்.